கிட் மட்டும் போதாது

"எல்லாக் கோப்புகளும் கிட்டில் (Git, கோப்பு மாற்றங்களைப் பதிவு செய்யும் மென்பொருள்) இருக்கின்றன, ஆகவே கான்ஃபிகரேஷன் மேலாண்மை முடிந்தது" என்கிறீர்கள். பாதிதான் சரி, அதுவும் தாராளமாகச் சொன்னால். கான்ஃபிகரேஷன் மேலாண்மை என்பது, ஒரு பொருள் எப்படி இருக்க வேண்டும் என்ற ஆவணமும் அது உண்மையில் இருக்கும் நிலையும் ஒத்துப்போகும்படி பார்த்துக்கொள்வது. கோப்பில் என்ன மாறியது என்பதைக் கிட் காட்டும். எந்த வரிசை எண் கொண்ட கருவியில் அந்த மாற்றம் ஏறியது, வரைபடமும் கையிலிருக்கும் பொருளும் ஒத்துப்போகின்றனவா என்பதை அது தானாகச் சொல்லாது. இதற்கான இஐஏ-649 (EIA-649) தரநிலை திட்டமிடல், அடையாளப்படுத்தல், மாற்றக் கட்டுப்பாடு, நிலைப்பதிவு, சரிபார்ப்பும் தணிக்கையும் என 5 பணிகளைச் சொல்கிறது. உங்கள் கிட் தொடுவது அவற்றில் சிலவற்றின் ஓரத்தை.

ஏர்பஸ் நிறுவனத்தின் பெரிய பயணிகள் விமானமான ஏ380 நினைவிருக்கிறதா? ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலும் பிரான்ஸின் துலூஸிலும் இருந்த அதன் குழுக்கள் ஒரே வடிவமைப்பு மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளில் வேலை செய்தன. மின்கம்பித் தொகுதிகள் விமானத்தில் பொருந்தவில்லை. 2006இல் விநியோகம் தள்ளிப்போனது. கோப்புகளைச் சேமிக்க அங்கேயும் இடம் இருக்கத்தான் செய்தது.