பழைய ஃப்ளாஷே போதும்
பூச்சி, பூ போன்ற சின்னவற்றை நெருங்கி எடுக்கும் மேக்ரோ படங்களுக்கு, லென்ஸின் இரு பக்கமும் மாட்டும் இரட்டை ஃப்ளாஷ் வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் அந்த விலையைப் பார்த்தே விலகிவிடுவார்கள். கோத்தகிரியில் ஐந்து வருடமாக நான் எடுப்பது ஸ்லேவ் வசதியுள்ள (வேறு ஃப்ளாஷின் ஒளியைப் பார்த்துத் தானும் அடிக்கும்), பலத்தைக் கையாலேயே வைக்கும் ஒரு பழைய மேனுவல் ஃப்ளாஷில்தான். கேமராவில் இருக்கும் குட்டி ஃப்ளாஷை மேனுவலில் மிகக் குறைவாக வைத்தால், அந்த மினுக்கலைப் பார்த்து இதுவும் அடிக்கும். கேமராவே ஒளியை அளந்து வைக்கும் டிடிஎல்லில் விட்டால், அளப்பதற்காகப் படத்துக்கு முன் வரும் முன்மினுக்கலுக்கே ஸ்லேவ் அடித்துவிடும், படம் இருட்டாக வரும். ஃப்ளாஷ் பழுது என்று பலர் ஒதுக்கி வைப்பது இதனால்தான். அப்படியானால் ஸ்லேவ் ஃப்ளாஷை, முன்மினுக்கலைக் கண்டுகொள்ளாத எஸ்2 முறைக்கு மாற்றிப் பாருங்கள். நல்ல வெயிலில் ஸ்லேவ் சில நேரம் ஏமாற்றும், அதற்கு ரேடியோ அலையால் ஃப்ளாஷை அடிக்க வைக்கும் டிரிகர்தான் சரி.

அப்புறம், ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர். பணத்தைவிடப் பொறுமையை இதில் போடுங்கள். போன வாரம் புல்வெளியில் பூச்சி தின்னும் ட்ரோசரா செடியை எடுத்தேன். வெறும் ஃப்ளாஷில் ஒவ்வொரு பிசின் துளியிலும் வெள்ளைப் பொட்டு. பார்சலில் வந்த மெல்லிய ஃபோம் தாளை வளைத்துக் கட்டியதும் துளிக்குள் இருந்த சிவப்பு நுனி தெளிவாகத் தெரிந்தது. லென்ஸ் துளை எஃப்11, ஷட்டர் 1/200 நொடி, ஃப்ளாஷ் முழு பலத்தில் 1/16.

மூடுபனி இறங்கினால் ஃப்ளாஷை லென்ஸை ஒட்டி வைக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள். இல்லாவிட்டால் பனித்துளிகள்தான் படமாகும்.