டிராஃபிக் எக்ஸ்சேஞ்சும் ஆட்சென்ஸும்: ஒரு திருத்தம்

பெங்களூரு அல்சூர் நண்பர் ஒருவர் சொல்லியிருப்பது இது: புது வெப்சைட்டில் ஆட்சென்ஸ் (தளத்தில் விளம்பரம் காட்டப் பணம் தரும் கூகுள் திட்டம்) விளம்பரம் போட்டுவிட்டு டிராஃபிக் எக்ஸ்சேஞ்சில் (ஒருவர் பக்கத்தை மற்றவர் மாறி மாறிப் பார்க்கும் தளம்) சேர்ந்தால் போதும், வருகிறவர்கள் நிஜ மனிதர்கள் என்பதால் கூகுள் தாராளமாகப் பணம் தரும். பெங்களூரு தமிழ் குரூப்புகளில் இதைப் பலர் பகிர்வதால் சொல்கிறேன். தவறாக எண்ண வேண்டாம்.

மனிதர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆட்சென்ஸ் விதிகள் அந்த வருகையை ஏற்பதில்லை. எக்ஸ்சேஞ்சில் நாம் அடுத்தவர் பக்கத்தைத் திறந்தால் மேலே டைமர் ஓடும். அது முடிந்ததும் கிரெடிட் ஏறும், அடுத்த பக்கம் வரும். அந்தக் கிரெடிட்டைச் செலவழித்து நம் பக்கத்துக்கு ஆள் வரவழைக்கிறோம். வருகிறவர் கண்ணும் டைமரில்தான் இருக்கும், நம் பிரியாணி ரெசிபியில் இல்லை! பணம் கொடுக்கும் விளம்பரதாரருக்கு இதில் என்ன லாபம்? அதனால்தான் இதைச் செல்லாத டிராஃபிக் (வருகை) என்று கழிக்கிறார்கள். கணக்கையே முடக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

என் பேச்சை நம்ப வேண்டாம். ஆட்சென்ஸ் உதவிப் பக்கத்தில் புரோகிராம் பாலிசிகளைத் திறந்து, டிராஃபிக் எங்கிருந்து வரலாம் என்ற பகுதியைப் படியுங்கள். பெய்ட் டு சர்ஃப் (பக்கம் பார்க்கப் பணம் தருவது), ஆட்டோசர்ஃப் (பக்கங்கள் தானாக மாறிக்கொண்டே போவது), கிளிக் எக்ஸ்சேஞ்ச் (ஒருவருக்கொருவர் கிளிக் செய்துகொள்வது) மூன்றும் பெயர் சொல்லியே தடுக்கப்பட்டிருக்கின்றன. ஏற்கெனவே சேர்ந்தவர்கள் தள வருகையைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸில், வருகை எந்த வழியாக வந்தது என்று காட்டும் டிராஃபிக் அக்விசிஷன் ரிப்போர்ட்டைத் திறந்து, எக்ஸ்சேஞ்ச் வழியாக வந்தவர்கள் சராசரியாக எத்தனை விநாடி தங்கினார்கள் என்று பாருங்கள்.

விளம்பரமே இல்லாத தளத்துக்கு எக்ஸ்சேஞ்சைப் பயன்படுத்துவது உங்கள் விருப்பம். ஆட்சென்ஸ் விளம்பரம் இருக்கும் பக்கத்தின் லிங்க்கை மட்டும் அங்கே கொடுக்காதீர்கள்.