எந்த வெளிநாடு, சாமி?

சைக்கிள் பேச்சை எடுத்தாலே போதும், யாராவது ஒருவர் "வெளிநாட்டில் எல்லாம் இப்படியா ஓட்டுகிறார்கள்?" என்று ஆரம்பித்துவிடுவார். எந்த வெளிநாட்டில், சாமி?

ஹெல்மெட்டா? ஆஸ்திரேலியாவில் போடாவிட்டால் அபராதம். நெதர்லாந்தில் சாதாரண சைக்கிளுக்கு அப்படி ஒரு சட்டமே கிடையாது. மாட்டிக்கொண்டு போனால் ஊருக்குப் புதுசு என்று நெற்றியில் எழுதி ஒட்டிய மாதிரி. நடைபாதையில் ஓட்டக்கூடாதா? பிரிட்டனில் கூடாது. ஜப்பானில் 13 வயது ஆகாதவர்களும் 70 தாண்டியவர்களும் தாராளமாகப் போகலாம். அதே ஜப்பானில் மழைக்குக் குடை பிடித்தபடி ஓட்டினால் குற்றம்! வண்டிகள் வலதுபக்கமாகப் போகும் டென்மார்க்கில் இடதுபக்கம் திரும்ப வேண்டுமா? முதலில் நேராகச் சாலையைக் கடந்து, ஓரமாக நின்று, அப்புறம்தான் திரும்பலாம். அமெரிக்காவின் ஐடஹோவிலோ 1982-லிருந்தே 'ஸ்டாப்' பலகை இருந்தாலும், வண்டி எதுவும் வராவிட்டால் சைக்கிளை நிறுத்தாமலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம்.

சரி, இதில் எதைப் பின்பற்றுவது? கேட்டால் பதில் வராது. "அங்கெல்லாம் ஜனங்களுக்கு ஒழுக்கம் இருக்கு" என்ற பெருமூச்சுதான் வரும். ஒழுக்கமா? போனைக் கையில் பிடித்துக்கொண்டு சைக்கிள் ஓட்டாதே என்று 2019-ல் நெதர்லாந்துக்காரர்களுக்கே தடை போட வேண்டியிருந்ததே, அது எதற்காம்?