கறுப்பு கவர்

பதினான்கு வருடமாக மெடிக்கல் ஷாப் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊர், அப்பா ஆரம்பித்த கடை. கூட்டம் கலையும்வரை தைல டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு ஒருவர் நின்றால், அவருக்கு வேண்டியது தைலம் இல்லை.

நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்பு கவரில் போட்டுக் கொடுப்பதுதான் அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் வேலை. 2019இல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்து ஊரே மஞ்சப்பை பற்றிப் பேசியது, கறுப்பு கவர் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தது. இருமல் மருந்தை யாரும் சுற்றித் தரச் சொல்வதில்லை. நாங்கள் சுற்றிச் சுற்றிக் கொடுத்துத்தான் இதை மறைக்கவேண்டிய சமாச்சாரம் ஆக்கிவிட்டோம் என்பது என் கட்சி.

பெரிய விஷயத்துக்குப் போகும் முன் அரிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைக்கு அதிகம் வருவது அதுதான். தொடை இடுக்கில் படர்தாமரை. டாக்டரிடம் காட்ட வெட்கம், அதனால் "அன்னைக்குக் குடுத்தீங்களே, அந்த ட்யூப்" என்று வருவார்கள். அதில் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும், ஆஹா என்றிருக்கும். பூஞ்சை சாகாமல் பரவிக்கொண்டிருக்கும், மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து வரிவரியாகக் கோடு விழும். டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்து. தருகிறார்கள். நானும் தந்திருக்கிறேன். ஒருவர் ஒன்றரை வருடம் போட்டார். வீட்டில் மனைவிக்கும் பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்ட பிறகுதான் தோல் டாக்டரிடம் போனார்.

பெண்கள் கதை வேறு. வெள்ளைப்படுதலுக்கு மாத்திரை கேட்டுப் பத்து வயது மகன் துண்டுச்சீட்டோடு வருவான். வெள்ளை கொஞ்சம் படுவது இயல்பு, நாற்றமோ அரிப்போ நிறமாற்றமோ இருந்தால் காட்டவேண்டும், சில தொற்றுகளுக்குக் கணவரும் சேர்ந்து மருந்து சாப்பிடாவிட்டால் திரும்பத் திரும்ப வரும். இதையெல்லாம் அந்தப் பையனிடமா சொல்வது?

நாம் வாயை மூடிக்கொண்டால் யார் பேசுவார்கள் என்பதற்குப் பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரைப் பாருங்கள். கைப்பழக்கம், நரம்புத் தளர்ச்சி, மாதத்தில் இன்ன தேதி, இன்ன லாட்ஜ் என்று போலி வைத்தியர்களின் விளம்பரம். ஒரு சொட்டு விந்து நூறு சொட்டு ரத்தம் என்று இருபது வயதுப் பையனைப் பயமுறுத்தி லேகியம் விற்கிறார்கள். விந்து ரத்தத்திலிருந்து வடிவதும் இல்லை, சுய இன்பத்தால் நரம்பு தளர்வதும் இல்லை. இதை ஒரு பள்ளிக்கூடத்தில் பத்து நிமிடம் சொல்லியிருந்தால் அந்த லாட்ஜ் ரூம் வாடகைகூடத் தேறாது.

நம் ஊரில் இதெல்லாம் பேச முடியாது என்பவர்களுக்குப் புள்ளி ராஜா நினைவிருக்கும். 2000களின் தொடக்கத்தில் எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரமாகச் சுவரெல்லாம் ஒரே கேள்வி: புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா? நான் எட்டாவது படித்தேன், பஸ்ஸில் சத்தமாகப் படித்துக் காட்டி அப்பாவிடம் அடி வாங்கினேன். ஆனால் டீக்கடையில் பேசினார்கள், கேலியாகவாவது பேசினார்கள். இந்தியாவில் எச்ஐவியை முதலில் கண்டுபிடித்ததே 1986இல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும்தான். அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது, பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. கூச்சமாக இருந்தால் 1097க்குப் போன் போட்டுக் கேட்கலாம், அதுவும் இலவசம். இதைக் கடையில் எழுதி ஒட்டியிருக்கிறேன், ஆள் இல்லாதபோது படித்துவிட்டுப் போகிறார்கள்.

இனி என் தப்பு. அவசரக் கருத்தடை மாத்திரை என் கடையில் கிடையாது. டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்றுதான் மத்திய அரசின் விதி இருக்கிறது, ஆனாலும் தமிழ்நாட்டில் பெரும்பாலான கடைகளில் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். கருக்கலைப்பு மாத்திரையோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு, அதற்கு டாக்டர் வேண்டும். இது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவது, ஏற்கெனவே கர்ப்பமாக இருந்தால் ஒன்றும் செய்யாது. பாதுகாப்பில்லாத உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போடவேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அந்த 72 மணி நேரத்தில் ஒரு பெண் எத்தனை கடை ஏறி இறங்குவாள்? எதுக்கு வம்பு என்று நானும் வாங்கி வைக்கவில்லை. போன வாரம்தான் மொத்த வியாபாரியிடம் கேட்டிருக்கிறேன். சிரிக்கிறார்.

கறுப்பு கவரை மட்டும் நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. நாப்கினை அப்படியே எடுத்துக் கொடுக்கிறேன். காலேஜ் பிள்ளைகள் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். நேற்று ஒரு அக்கா, பல வருட வாடிக்கை, "கவர் இல்லையா தம்பி?" என்றார். இல்லைக்கா என்றேன். பாக்கெட்டை மேஜையிலேயே வைத்துவிட்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டார். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.