பிள்ளை பெறத் தனியாக விமானம் ஏறும் பெண்கள்

அடிலெய்டில் பிரசவ வார்டில் வேலை பார்க்கும் எனக்கு, மத்திய ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் பூர்வகுடிப் பெண்கள் புதியவர்கள் அல்ல. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் சமாளிக்க முடியாத கேஸ் என்றால், பறக்கும் டாக்டர் சேவையின் விமானத்தில் ஏற்றி இங்கே அனுப்பிவிடுவார்கள். சாலை வழியாக வந்தால் 1,500 கிலோமீட்டர். கையில் ஒரு சின்னப் பை இருக்கும். போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார்கள். எதைக் கேட்டாலும் 'ம்' என்பதற்கு மேல் பதில் வராது. சில நாள் காலையில் போனால் படுக்கை காலியாக இருக்கும். 'தானாகவே வெளியேறினார்' என்று பதிவேட்டில் ஒரு வரி. அதோடு சரி, யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

மருத்துவச்சிகளுக்கான ஒரு கல்விப் பயணத்தில், இந்தப் பெண்கள் புறப்பட்டு வருகிற இடத்துக்கே போய்வர எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. அங்கே பார்த்ததை எல்லாம் வரிசையாக எழுதப் போவதில்லை. ஒன்றைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. பாதுகாப்புக்காக என்று சொல்லி ஒரு கர்ப்பிணியைத் தனியாக ஊரைவிட்டு அனுப்புகிறோமே, அந்தத் தனிமையே ஓர் ஆபத்து. ரத்த அழுத்தம், ரத்தச்சோகை, சர்க்கரை என்று ஆபத்துக் காரணிகளை எழுதும் அதே தாளில் அதையும் எழுத வேண்டும். இதுவரை எழுதியதில்லை.

முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் இருக்கும் வடக்குப் பிரதேசம் (Northern Territory) 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த பூமி. மொத்த மக்கள்தொகை இரண்டரை லட்சம் போல. அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பூர்வகுடி மக்கள். திட்டமிட்டுப் பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரிகள் டார்வின், கேத்ரின், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போல, விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து 500 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டெனன்ட் கிரீக்கில் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆனாலும் பிள்ளை பெற ஆலிஸுக்குத்தான் வர வேண்டும். வார்ல்பிரி என்ற பூர்வகுடி மக்களின் ஊரான யுவெண்டுமு, ஆலிஸிலிருந்து கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் தூரம். 38 வாரத்தை ஒட்டி, சிக்கல் ஏதாவது இருந்தால் அதற்கும் முன்பே, பெண்ணை ஊரிலிருந்து கிளப்பி நகரத்தில் ஒரு விடுதியில் தங்கவைத்துவிடுவார்கள். வலி வரும்வரை அங்கே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அந்தக் காத்திருப்பை நினைத்துப் பாருங்கள். ஊரில் மூன்று வயதுப் பிள்ளை யாரிடமோ இருக்கிறது. நகரத்தில் பேசுவது வேறு மொழி, சாப்பாடு வேறு. கையில் காசு இல்லை. துணைக்கு ஒருவரை அனுப்ப இப்போது விதி இடம் தருகிறது, பழைய நிலைமைக்கு இது முன்னேற்றம்தான். ஆனால் அந்த ஒருவர் யார்? கணவன் வந்தால், பிரசவ அறைக்குள் ஆண் இருப்பது அவர்கள் வழக்கத்தில் சரிவராது. அம்மா வந்தால் ஊரில் இருக்கும் பேரப்பிள்ளைகளை யார் பார்ப்பது? வேறு வழியில்லாமல் பல பெண்கள் தனியாகவே வருகிறார்கள். சிலர் விமானம் வரும் நாளில் வேண்டுமென்றே கண்ணில் படாமல் போய்விடுகிறார்கள். கடைசியில் வலி எடுத்த பிறகு, எந்த முன்னேற்பாடும் இல்லாத கிளினிக்கில் பிள்ளை பிறக்கிறது. பாதுகாப்புக்காகப் போட்ட விதி, பாதுகாப்பே இல்லாத பிரசவத்தில் கொண்டுபோய் விடுகிறது.

நாங்கள் போன கிளினிக்குகளில் ஒன்றில், கர்ப்பமாக இருக்கும் ஓர் இளம்பெண்ணுக்குப் பென்சிலின் ஊசி போடுவதைப் பார்த்தேன். ருமாட்டிக் இதய நோய் இருப்பவர்களுக்கு நான்கு வாரத்துக்கு ஒரு முறை போடும் ஊசி அது. மருந்து மாவு மாதிரி கெட்டியாக இருக்கும், இடுப்புச் சதையில் இறங்கும்போது உயிர் போகிற வலி. ஊசிக்குழாயைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த நர்ஸ் உடனே போடவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டிக்கொண்டே இருந்தார், சூடு ஏறட்டும் என்று. பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர், அந்தப் பெண்ணின் பெரியம்மா முறையாம், ஏதோ ஊர்க்கதை சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். ஊசி போட்டு முடித்ததும் போட்ட இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டதும் அந்தப் பெரியம்மாதான். மருந்து எங்கள் வார்டில் இருக்கும் அதே மருந்து. ஆனால் எங்களிடம் வந்தால் வாய் திறக்காமல் படுத்திருக்கும் ஒரு பெண், இங்கே வலியோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்திரேலியாவின் மற்ற மக்களிடம் இந்த நோய் ஏறக்குறைய மறைந்தே போய்விட்டது. தொண்டையிலும் தோலிலும் வரும் சாதாரணக் கிருமித் தொற்றில் ஆரம்பித்து, இதய வால்வைக் கெடுத்துவிடுகிற நோய். நெருக்கடியான வீடுகள், துவைக்கக் குளிக்க வசதியின்மை, இவைதான் இது விடாமல் வரக் காரணம். கர்ப்பத்தில் ரத்த ஓட்டம் கூடும்போது கெட்டுப்போன வால்வு தாங்காது. இப்படிப்பட்ட பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அனுப்பாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எல்லோரையும் ஒரே மாதிரி, தனியாக அனுப்பாதீர்கள் என்கிறேன்.

'அப்படியென்றால் சிக்கல் வந்தால் என்ன செய்வீர்கள், அறுவை அரங்கு எங்கே?' என்று உடனே கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் கனடாவின் வடகோடியில் இருக்கிறது. நுனாவிக் பகுதியில், இன்யூட் என்ற அந்த ஊர்ப் பூர்வகுடிகள் வாழும் பூவிர்நிட்டுக்கில் 1986-ல் ஒரு பிரசவ மையம் திறந்தார்கள். அதற்கு முன்பு அங்கேயும் இதே கதைதான், கர்ப்பிணிகளைத் தெற்கே விமானத்தில் அனுப்பிவிடுவார்கள். இன்யூட் பெண்கள் போராடித் தங்கள் ஊரிலேயே மருத்துவச்சிகளைப் பயிற்றுவித்தார்கள். பிறகு இனுக்ஜுவாக், சாலுயிட் ஊர்களிலும் மையங்கள் வந்தன. சிசேரியன் வேண்டுமென்றால் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி மொன்றியல்தான். அப்படியும் அந்த வட்டாரப் பெண்களில் பெரும்பாலோர் அங்கேயே நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். யாரை அனுப்ப வேண்டும், யார் ஊரிலேயே இருக்கலாம் என்று ஒவ்வொரு கர்ப்பிணியையும் தனித்தனியாக உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிறார்கள். அந்தப் பேச்சில் உள்ளூர் மருத்துவச்சிகளின் வார்த்தைக்கு எடை இருக்கிறது. பனிப்பாலைவனத்தில் முடிந்தது செம்மண் பாலைவனத்தில் ஏன் முடியாது?

ஆஸ்திரேலியாவிலேயே சான்று இருக்கிறது. பிரிஸ்பேனில் 2013-ல் பூர்வகுடி மக்களின் சொந்தச் சுகாதார அமைப்புகள் மேட்டர் தாய்மார் மருத்துவமனையோடு சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கின. கர்ப்பம் முதல் பிள்ளை பிறந்த பிறகும் ஒரே மருத்துவச்சி, கூடவே பூர்வகுடிக் குடும்ப உதவியாளர்கள், அவர்களுக்கென்று ஓர் இடம். 2021-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வின்படி, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குக் குறைமாதப் பிரசவ வாய்ப்பு 38 சதவீதம் குறைவு. பூர்வகுடிக் குழந்தைகளில் 100-க்கு 13, 14 குறைமாதமாகப் பிறக்கின்றன, மற்றவர்களிடம் 8 போல. இந்த இடைவெளியைக் குறைக்க எந்த மருந்தும் இவ்வளவு செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. செலவும் கூடவில்லை, ஒரு தாய்-சேய்க்கு 4,810 டாலர் மிச்சம் என்று அடுத்து ஓர் ஆய்வு சொன்னது. பிரிஸ்பேன் நகரம்தானே என்பீர்கள். வடக்குப் பிரதேசத்தின் வடகிழக்கு மூலையான ஆர்ன்ஹெம் லேண்டுக்கு அப்பால், எல்கோ தீவின் காலிவின்கு என்ற ஊரிலும் யோல்ங்கு என்ற பூர்வகுடிப் பெண்களுக்குப் பேறுகாலத் துணையாளர்களாகப் பயிற்சி கொடுத்து வருகிறார்கள். டார்வினுக்குப் போனாலும் சொந்த மொழி பேசும் பெண் ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு அது வழி செய்கிறது.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் அலுகுரா என்ற பெண்கள் நல மையம் இருக்கிறது. 1973-ல் உருவான மத்திய ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் காங்கிரஸ் என்ற சுகாதார அமைப்பின் ஒரு பகுதி. 1980-களில் பாலைவன ஊர்களின் பாட்டிமார்கள் கூடிப் பேசி, எங்கள் மரபுச் சட்டப்படி பிள்ளை பெற எங்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்று கேட்டு வாங்கியது. ஆண்களுக்கு உள்ளே இடமில்லை. ஆரம்பத்தில் அங்கேயே பிரசவமும் நடந்தது. இப்போது பிரசவம் ஆஸ்பத்திரியில், முன்னும் பின்னும் கவனிப்பு அலுகுராவில். பாட்டிமார்கள் கேட்டது இதை அல்ல. நாற்பது வருஷமாகியும் அவர்கள் கேட்டதில் பாதிதான் கைக்கு வந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பயணத்தில் எங்களோடு உட்கார்ந்து பேசிய ஒரு மூத்த ஆன்ட்டி, பிள்ளை பிறந்ததும் போடும் புகையைப் பற்றிச் சொன்னார். கனலின் மேல் பச்சை இலையைப் போடுவார்களாம், அடர்ந்து வெள்ளையாகப் புகை எழும்பும். பச்சை உடம்போடு இருக்கும் தாயை அதில் உட்காரவைத்து, குழந்தையையும் கொஞ்சம் காட்டி எடுப்பார்கள். உடம்பு இறுகும், பால் சுரக்கும், பிள்ளை திடமாக வளரும் என்பது நம்பிக்கை. அதற்கு மேலும் பல விஷயங்கள் சொன்னார். பெண்களுக்குள் இருக்க வேண்டியவை என்று சொல்லித்தான் சொன்னார், அதனால் இங்கே எழுதவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "மகளே, உனக்குப் பிள்ளை பிறந்தபோது கூட யார் இருந்தது?" என்று கேட்டார். அம்மாவை விசிட்டர் விசா எடுத்து வரவழைத்தோம் என்றேன். "அப்போ உனக்குத் தெரியும்," என்றார். அவ்வளவுதான், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, இதைப் பேசாமல் மேற்படி எதையும் புரிந்துகொள்ள முடியாது. ஆஸ்பத்திரி என்றால் இந்தப் பெண்களுக்கு நோய் மட்டுமல்ல, பிள்ளையைப் பிடுங்கிக்கொள்ளும் இடமும்தான். 2008 பிப்ரவரி 13 அன்று பூர்வகுடிப் பிள்ளைகளை அரசு குடும்பத்திடமிருந்து பறித்ததற்காக அப்போதைய பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டபோது நானா நுங்காலா ஃபீஜோவின் கதையைச் சொன்னார். டெனன்ட் கிரீக் பக்கம் பிறந்தவர். அதிகாரிகள் வருவார்கள் என்று பயந்து, பிள்ளைகள் ஓடி ஒளிய ஓடைக்கரையில் குழி தோண்டி வைத்திருந்த குடும்பம். 1932 வாக்கில், நான்கு வயதில், அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அம்மாவை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. அதே பெண்மணிதான் பின்னாளில், 1993-ல் வடக்குப் பிரதேசத்தில் தொடங்கிய 'வலுவான பெண்கள், வலுவான குழந்தைகள், வலுவான பண்பாடு' திட்டத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். அந்தந்த ஊர் மூத்த பெண்களே கர்ப்பிணிகளுக்கு நல்லது கெட்டது சொல்லி, கிளினிக்குக்குக் கூட்டி வரும் திட்டம். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட ஒரு பிள்ளை, வளர்ந்து தாய்மார்களுக்குத் துணையாக நின்றிருக்கிறார். இன்றைக்கும் பூர்வகுடிப் பிள்ளைகள் அரசுப் பராமரிப்புக்குப் போகும் விகிதம் மற்றவர்களைவிடப் பத்து மடங்கு போல. 'செக்கப்புக்கு ஏன் வரவில்லை?' என்று ஒரு பெண்ணிடம் அதட்டிக் கேட்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் இதை எழுதக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டில் படித்த டாக்டர்கள் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் பில் போட வேண்டுமென்றால், பொதுவாகப் பத்து வருஷம் வரை ஆள் பற்றாக்குறைப் பகுதிகளில்தான் வேலை பார்க்க வேண்டும் என்ற விதியால், இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் நம்மவர்கள் நிறையப் பேர் இப்படிப்பட்ட ஊர்களுக்குப் போகிறார்கள். நர்ஸ்களும் போகிறார்கள். அனுபவம் கிடைக்கும், சம்பளம் நன்றாயிருக்கும், நிரந்தர விசாவுக்கு உதவும். எல்லாம் சரி. போகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் வாரமே அங்கிருக்கும் பூர்வகுடிச் சுகாதாரப் பணியாளரைத் தேடிப்போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள், அவர் சொல்வதைக் கேட்டு நடங்கள். நேருக்கு நேர் உட்கார்ந்து கேள்விமேல் கேள்வி கேட்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், பதில் வர நேரமாகும், காத்திருங்கள். ஆண் டாக்டராக இருந்தால் கர்ப்ப விஷயத்தைப் பேசப் பெண் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். பெண்ணை அனுப்பத்தான் வேண்டுமென்றால், துணைக்கு யார் போகிறார், ஊரில் பிள்ளைகள் யாரிடம், திரும்பி வர விமான டிக்கெட் போட்டாயிற்றா என்ற மூன்றையும் கேட்டு எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கல்விப் பயணம் ஏற்பாடு செய்பவர்களுக்கும் ஒன்று. அந்த மூத்த பெண்கள் வருகிறவர்களுக்கெல்லாம் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். அது ஒரு பேராசிரியரின் வகுப்பு. பேராசிரியருக்கு என்ன கொடுப்பீர்களோ அதைக் கொடுங்கள். அப்புறம், நாட்டில் பிள்ளை பெறும் பெண்களில் ஏறத்தாழ 5 சதவீதம் பேர் பூர்வகுடிகள், மருத்துவச்சிகளிலோ அவர்கள் 1 சதவீதத்தை ஒட்டித்தான். என்னைப் போன்றவர்களைப் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போகும் பணத்தில் ஒரு பங்கை, அந்த ஊர்ப் பெண் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகாமலே மருத்துவச்சிப் படிப்புப் படிக்க ஒதுக்குங்கள். எங்கள் பயணத்தின் கருத்துப் படிவத்திலும் இதையேதான் எழுதிக் கொடுத்தேன். பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.