நார்டி வீலும் மோமோ பாஸும்: துளை பொருந்தாது

"யூனோஸ் ரோட்ஸ்டருக்கு எந்த வீலும் எந்த பாஸிலும் உட்காரும், ஹார்ன் அடிக்கலைன்னா ஹார்னை மாத்துங்க" என்று சிலர் சொல்கிறார்கள்; இரண்டுமே தவறு. யூனோஸ் ரோட்ஸ்டர் என்பது ஜப்பானில் மஸ்டா MX-5 காரின் பெயர். வீல் என்றால் இங்கே ஸ்டியரிங் வீல்; பாஸ் என்பது அதை ஸ்டியரிங் தண்டோடு இணைக்கும் நடுத்துண்டு.

நார்டி, மோமோ இரண்டும் ஸ்டியரிங் வீல் செய்யும் இத்தாலிய நிறுவனங்கள். நார்டியின் ஆறு துளைகளும் 74 மி.மீ. விட்ட வட்டத்தில் இருக்கும், மோமோவில் 70 மி.மீ. வித்தியாசம் 4 மி.மீ.தான், ஆனால் போல்ட் நேராக இறங்காது. துளையை ராவிப் பெரிதாக்குகிறார்கள் சிலர். ஸ்டியரிங்கில் அந்த விளையாட்டு வேண்டாம். இரண்டு வட்டத்திலும் துளை போட்ட பாஸே கிடைக்கிறது. ஏர்பேக் உள்ள வண்டிக்கும் இல்லாததற்கும் பாஸ் வேறு, கேட்டு வாங்குங்கள். ஏர்பேக்கைத் தொடும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் விடவும்.

ஹார்ன் பட்டனுக்கு வருவது ஒரே வயர். அது எர்த்தை, அதாவது வண்டியின் உலோக உடலைத் தொட்டால் ரிலே (ஹார்னுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) இழுக்கும், ஹார்ன் அடிக்கும். பட்டனிலிருந்து அந்த வயரை உருவி பாஸின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் தொட்டுப் பாருங்கள். அடித்தால் ஹார்ன், ரிலே, ஃபியூஸ் எல்லாம் சரி. பட்டனுக்கு எர்த் இல்லை. பட்டனில் இரண்டு முனை இருந்தால் மற்றதிலிருந்து பாஸ் ஸ்குரூவுக்கு ஒரு வயர் போதும். விடாமல் அலறினால், வீலுக்கும் பாஸுக்கும் நடுவே வயர் நசுங்கி உறை கிழிந்திருக்கும்.

பழைய வீலை இழுக்கும்போது அதைப் பிடித்திருக்கும் நடு நட்டை முழுசாகக் கழற்றாமல் நாலைந்து மரையில் விடுங்கள். இல்லையென்றால் வீல் மூக்கில்தான் வந்து நிற்கும்.