மாடியும் வீடுதான்

மும்பை தாராவியில் ஒரே மூச்சில் கட்டி முடித்த வீடு என்று எதையும் காட்ட முடியாது. முதலில் தகரமும் சாக்கும். நாலு காசு சேர்ந்ததும் செங்கல் சுவர். மகனுக்குப் பெண் பார்க்கும்போது இரும்புக் கர்டர் போட்டு மேலே ஒரு மாடி, அதில் ஏறச் சந்தோரமாகச் செங்குத்தாய் ஒரு ஏணி. கீழே இட்லி மாவு ஆட்டுவார்கள், மேலே குடும்பம் தூங்கும். கொஞ்ச வருஷத்தில் கீழே தையல் மிஷின் வரும். மாடி, நெல்லைப் பக்கமிருந்து வேலை தேடி வந்த பையன்களுக்கு வாடகைக்குப் போகும். 14 அடிக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது மாநகராட்சி விதி. அந்த 14 அடிக்குள் தலை குனிந்து குனிந்தே இரண்டு தளத்தில் பிழைத்திருக்கிறது நம் சனம். தாராவியின் குயவர் பகுதியான கும்பார்வாடாவில் இன்னும் தெளிவாகத் தெரியும்: முன்னறையில் பானை, பின்னால் சமையல், பொது முற்றத்தில் சூளை.

குடிசையே போதும் என்று நான் சொல்லவில்லை. பகலிலும் விளக்கு வேண்டும், பொதுக் கழிப்பறையில் வரிசை, தீப்பிடித்தால் வண்டி நுழையாது. இடித்துக் கட்டத்தான் வேண்டும்.

ஆனால் தாராவியை இடித்துக் கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்தில் எதை வீடு என்று கணக்கில் எடுக்கிறார்கள்? 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவசம். மாடியில் இருப்பவருக்குத் தாராவிக்கு வெளியே வாடகை வீடு. கீழே அண்ணன், மேலே தம்பி, இரண்டு பேருக்கும் ஒரே அடுப்பு என்றிருக்கும் குடும்பத்தை இந்த விதி இரண்டாக வெட்டுகிறது. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. அந்த மாடியை எந்த அரசும் கட்டித் தரவில்லை.

வளர இடம்விட்டுக் கட்ட முடியாதா என்றால், முடிந்திருக்கிறது. 1980களில் நவி மும்பை பேலாப்பூரில் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா கட்டிய வீடுகளில் பக்கத்து வீட்டோடு ஒட்டிய பொதுச்சுவரே கிடையாது. யாரையும் கேட்காமல் அவரவர் கூட்டிக் கட்டிக்கொள்ளலாம். இந்தோரின் ஆரண்யா குடியிருப்பில் இன்னொரு கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி, ஏழைகளின் மனைகளில் அடித்தளமும் கழிப்பறையும் தண்ணீர் வசதியும் அமைத்து, மீதியைக் குடியிருப்பவர் கைக்கு விட்டார். தாராவி நெரிசலுக்கு அப்படியே பொருந்தாதுதான். அடுக்குமாடியிலும் கூரையை உயர்த்தி, உள்ளே பரண் போட இடம் விடலாமே. உட்கார்ந்து வேலை செய்யும் அளவுக்கு வராந்தாவை அகலமாக்கலாமே.

அதுவரை ஒன்று செய்யுங்கள். அண்ணாச்சியோ அக்காவோ, மாடியில் யார் இருந்தாலும், மின்கட்டண ரசீது, ஒப்பந்தப் பத்திரம் எதுவானாலும் மாடிக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். கணக்கெடுக்க வருபவர்களை ஏணியில் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்.